பேதிக்கு ஓ.ஆர்.எஸ். போதும் என்று எல்லா டாக்டருக்கும் தெரியும். ஆனாலும் மருந்துச் சீட்டு மாற மாட்டேன் என்கிறதே, என்ன செய்யலாம்?

டெல்டா டூட்டி டாக்டர் கேட்டது:

டெல்டா பக்கம் ஒரு தாலுகா அரசு மருத்துவமனையில் குழந்தைகள் ஓ.பி. பார்க்கிறேன். தர மேம்பாட்டுப் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. ஒரு விஷயத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

மழை பிடித்துவிட்டால் எங்கள் வரிசையில் பேதிக் குழந்தைகள்தான் அதிகம். பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஐந்து வயதுக்குள், தண்ணீராகப் போகிறது, ரத்தம் இல்லை, சிணுங்கிக்கொண்டே ஆனாலும் கொடுத்தால் குடிக்கிறது. இதற்கு என்ன வைத்தியம் என்பதில் யாருக்கும் குழப்பம் கிடையாது. ஓ.ஆர்.எஸ்., அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பு-குளுக்கோஸ் பொடி, கூடவே 14 நாளைக்கு ஜிங்க் (துத்தநாக) மாத்திரை. தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தக் கூடாது. ரத்தம் போனால், காலரா சந்தேகம் வந்தால், மோசமான ஊட்டக்குறைவு இருந்தால்தான் ஆன்டிபயாடிக் பற்றியே பேச வேண்டும்.

போன மாதத்துச் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். பாதிக்கு மேல் ஆஃப்லாக்சசின்-ஆர்னிடசோல் என்ற ஆன்டிபயாடிக் சிரப். ஓ.ஆர்.எஸ். இருக்கிறது, ஆனால் கடைசி வரியில், அளவு எதுவும் இல்லாமல், மூன்றே எழுத்து. ஜிங்க் பல சீட்டுகளில் இல்லவே இல்லை, இருந்தாலும் ஐந்து நாளைக்கு. நன்றாகக் குடிக்கிற குழந்தைக்கும் நரம்பு வழியாகப் பாட்டில் ஏற்றியிருக்கிறார்கள்.

எழுதுகிறவர்கள் விஷயம் தெரியாதவர்களாக இருந்தால் எனக்கு வேலை சுலபம். பயிற்சி வகுப்பு வைத்தோம். முடிவில் ஒரு சின்னத் தேர்வு. அத்தனை பேரும் சரியாகவே எழுதினார்கள். மறுநாள் ஓ.பி.யில் பழையபடி சிரப். சுவரில் போஸ்டர் ஒட்டினோம். வாட்ஸ்அப் குழுவில் வழிகாட்டிக் கையேட்டைப் போட்டேன், வரிசையாகக் கும்பிடு போட்ட கை வந்தது. சீட்டு மாறவில்லை.

மூத்த டாக்டர் ஒருவரிடம் நேராகவே கேட்டேன். "அம்மா, அந்தப் பாட்டி ரெண்டு பஸ் மாறி வந்திருக்கு. உப்புத் தண்ணி குடுத்து அனுப்பினா வெளியில போய் என்ன சொல்லும்? டாக்டர் ஒண்ணுமே பாக்கலைன்னுதான் சொல்லும்" என்றார். நல்ல மனுஷர், கைராசி டாக்டர் என்று ஊரில் பெயர். அவரோடு சண்டை போட எனக்கு விருப்பம் இல்லை.

இதை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு அம்மா பதினான்கு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கண் உள்ளே போயிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் திரும்புகிறது. "மருந்து வேளா வேளைக்குக் குடுத்தேங்க" என்று பையிலிருந்து சிரப் பாட்டிலை எடுத்துக் காட்டினார். மூடியில் துணி சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். அதே பையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பிரிக்காமல் கிடந்தது. அந்த அம்மா மேல் என்ன குற்றம்? சீட்டில் எது மேலே இருக்கிறதோ அதைத்தான் அவர் மருந்து என்று எடுத்துக்கொண்டார்.

தெரிந்தவர்களைத் தெரிந்தபடி செய்ய வைப்பது எப்படி? உங்கள் இடத்தில் எது வேலை செய்தது?

சாயங்கால கிளினிக்:

டாக்டர், சின்ன ஊர் ஒன்றில் தனியாகக் குழந்தைகள் கிளினிக் நடத்துகிறேன். உங்கள் மூத்த டாக்டர் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் வெறும் சாக்குச் சொல்லவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என் வாசலைப் பார்த்தால் புரியும். அப்பா வேலை முடிந்து வந்து பைக்கில் குழந்தையை உட்காரவைத்துக்கொண்டு வருவார். அதற்கு முன்பே மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஏதோ கொடுத்திருப்பார்கள். வீட்டில் பெரியவர்கள் பல் முளைக்கிறதால் போகிறது என்றிருப்பார்கள், இன்னொருவர் குடல் ஏற்றம் என்று தட்டச் சொல்லியிருப்பார். எல்லாம் முடிந்து டாக்டரிடம் வரும்போது, "இனிமேலாவது நிக்கணும்" என்பதுதான் முகத்தில் எழுதியிருக்கும். ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்தாது. உடம்பு காய்ந்துபோகாமல் காப்பாற்றும், பேதி தானாக நிற்கும். இதை விளக்க நேரம் வேண்டும். ஒரு குழந்தைக்கு எனக்குக் கிடைக்கிற நேரத்தில் சிரப் பெயரை எழுதிவிடலாம், இதை விளக்க முடியாது.

இன்னொன்று பயம். ராத்திரி குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால், "ஆன்டிபயாடிக்கூடக் குடுக்கலையா" என்றுதான் கேட்பார்கள். "ஏன் குடுத்தீங்க" என்று கேட்டு யாரும் வந்ததில்லை.

நான் கடைப்பிடிக்கிறதைச் சொல்கிறேன். ஓ.ஆர்.எஸ்.ஸை முதல் மருந்தாக, பெரிய எழுத்தில் எழுதுகிறேன். ஒவ்வொரு தடவை போனதும் 50 முதல் 100 மில்லி, இரண்டு வயதுக்கு மேல் என்றால் 100 முதல் 200 மில்லி. அளவு எழுதினால்தான் அது மருந்து. அடுத்து ஜிங்க், 14 என்று எழுதி வட்டம் போடுகிறேன். கீழே, எப்போது திரும்ப வர வேண்டும் என்று மூன்று விஷயம்: ரத்தம் போனால், குடிக்க மறுத்தால், மந்தமாகப் படுத்துவிட்டால். ஆன்டிபயாடிக் இல்லாத சீட்டு என்று யாரும் இதுவரை திட்டவில்லை. காகிதம் நிறைந்து இருப்பதால் "டாக்டர் பார்த்திருக்கிறார்" என்ற திருப்தி அவர்களுக்கு வந்துவிடுகிறது.

நேர்வழி:

இதற்கு இவ்வளவு யோசனை எதற்கு? சிரப் எழுதினால் விளக்கம் கேட்டு மெமோ கொடுங்கள். இரண்டு பேருக்குப் போனால் மீதிப் பேர் தானாகத் திருந்துவார்கள்.

சமூக மருத்துவம் வாத்தியார்:

மெமோவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மெமோ போனால் என்ன நடக்கும் என்று பார்த்திருக்கிறேன். சிரப் நிற்காது, நோயின் பெயர் மாறும். "தண்ணீர் பேதி" என்று எழுதிய இடத்தில் "சீதபேதி" என்று வரும், அப்புறம் ஆன்டிபயாடிக் நியாயமாகிவிடும். உங்கள் கணக்குப் புத்தகம் அழகாகிவிடும், குழந்தைக்குப் போகிற மருந்து அப்படியே இருக்கும். அதோடு, உண்மையைப் பேசிக்கொண்டிருந்த அந்த மூத்த டாக்டர் இனி உங்களிடம் வாயே திறக்க மாட்டார். அவர் சொன்ன அந்த ஒரு வரிதான் உங்களுக்குக் கிடைத்த முக்கியமான தகவல், அதை இழந்துவிடாதீர்கள்.

ஏன் முக்கியம் என்கிறேன் என்றால், இதே கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு நம் நாட்டிலேயே ஒரு பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. கர்நாடகத்திலும் பீகாரிலும் 253 ஊர்களில் 2,000க்கும் மேற்பட்ட தனியார் வைத்தியர்களிடம். 2024இல் சயின்ஸ் இதழில் வந்தது. குழந்தைக்குப் பேதி என்று சொல்லிக்கொண்டு பெற்றோர் வேடத்தில் பயிற்சி பெற்றவர்களை அனுப்பினார்கள். சிலர் எதுவும் கேட்கவில்லை. சிலர் கைபேசியில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் படத்தைக் காட்டி, "முன்னாடி இது குடுத்தோம், இது போதுமா" என்கிற மாதிரி கேட்டார்கள். சிலர் ஆன்டிபயாடிக் படத்தைக் காட்டினார்கள். சிலர் மருந்தை வேறு கடையில் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள், அதாவது அந்த வைத்தியருக்கு மருந்து விற்றுக் கிடைக்கும் லாபம் இல்லை. இன்னொரு பக்கம், பாதிப் பேருக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகளை இலவசமாகக் கொடுத்து, கைவசம் இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லாமல் செய்தார்கள்.

பாக்கெட் படத்தைக் காட்டி விருப்பம் சொன்னவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். எழுதப்பட்டது 27 சதவீதப் புள்ளி கூடுதல். ஓ.ஆர்.எஸ். எழுதாமல் போவதற்கான காரணங்களைப் பிரித்துப் பார்த்தபோது, "நோயாளி இதை விரும்ப மாட்டார்" என்ற வைத்தியரின் நினைப்பு மட்டும் 42 சதவீதத்தை விளக்கியது. கைவசம் இல்லாமை 6 சதவீதம். லாபக் கணக்கு 5 சதவீதம்.

இந்த எண்களைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. நாம் எத்தனை வருஷமாக "டாக்டர் காசுக்காக எழுதுகிறார்" என்றும், "ஸ்டாக் இல்லை" என்றும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்! அதெல்லாம் ஓரத்தில் இருக்கிறது. நடுவில் இருப்பது, எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாவின் மனசில் என்ன இருக்கிறது என்று டாக்டர் தானே ஊகித்துக்கொள்வது. அந்த ஊகத்தை யாரும் சரிபார்ப்பதில்லை, அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்பதும் இல்லை.

அதனால் உங்களுக்கு முதல் வேலை, பயிற்சிக்கு அடுத்த தேதி குறிப்பது கிடையாது. கேஸைப் பரிசோதிக்கிற மாதிரி இதையும் பரிசோதியுங்கள். நடத்தை மாற்ற ஆராய்ச்சி செய்கிறவர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். சூசன் மிச்சியும் அவருடைய கூட்டாளிகளும் 2011இல் இதைத் தெளிவாக வகுத்துக் கொடுத்தார்கள். அவருக்குச் செய்யத் தெரியுமா? செய்வதற்கு வசதி இருக்கிறதா? செய்ய மனசு வருகிறதா? உங்கள் பயிற்சி வகுப்பு முதல் கேள்விக்கான மருந்து. உங்கள் ஆட்களுக்கு அந்த நோயே இல்லை, தேர்விலேயே தெரிந்துவிட்டது. மிச்சம் இரண்டும் ஓ.பி. மேஜையில் இருக்கின்றன. ஒரு வாரம் போய் உட்காருங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எங்கே இருக்கிறது, யார் கரைத்துக் காட்டுகிறார்கள், அம்மா முதலில் கேட்பது என்ன, டாக்டர் பேனாவை எடுக்கும் முன் என்ன சொல்கிறார், இதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே வரும் அம்மாக்களிடம், "எதை எதிர்பார்த்து வந்தீங்க?" என்று கேளுங்கள். பதிலை அப்படியே எழுதி டாக்டர்களிடம் காட்டுங்கள். பாட்டி வெளியில் என்ன சொல்வார் என்று உங்கள் மூத்தவர் கவலைப்பட்டார் இல்லையா? அந்தப் பாட்டியின் வார்த்தையே அவர் கைக்குப் போகட்டும்.

அடுத்தது, சீட்டுக் கணக்கைத் திருப்பிக் காட்டுவது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கிற காக்ரேன் குழு, இதை 140 ஆய்வுகளைச் சேர்த்து 2012இல் அலசியது. சராசரியாகக் கிடைத்த முன்னேற்றம் 4 சதவீதப் புள்ளி அளவுதான். ஏமாந்துவிடாதீர்கள், அதற்குள்ளேயே ஒரு விஷயம் இருக்கிறது. ஆரம்பத்தில் நிலைமை மோசமாக இருந்த இடங்களில் பலன் அதிகம். தெரிந்த சக டாக்டரோ மேலதிகாரியோ சொன்னால், ஒரு தடவையோடு விடாமல் திரும்பத் திரும்பச் சொன்னால், வாயாலும் எழுத்தாலும் சொன்னால், எட்ட வேண்டிய இலக்கும் அதற்கான வழியும் கூடவே இருந்தால் பலன் அதிகம். வருஷத்துக்கு ஒரு தடவை மீட்டிங்கில் திரையில் காட்டுகிற பட்டை வரைபடத்தில் இதில் ஒன்றுமே கிடையாது.

யாரோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதும் முக்கியம். இங்கிலாந்தில் 2014இல் ஆன்டிபயாடிக் அதிகம் எழுதும் கிளினிக்குகளாகப் பார்த்து, முதல் 20 சதவீதத்தில் இருந்தவர்களுக்கு மட்டும், தலைமை மருத்துவ அதிகாரி சாலி டேவிஸ் கையெழுத்தில் ஒரு கடிதம் போனது. உங்கள் வட்டாரத்தில் 80 சதவீதக் கிளினிக்குகளைவிட நீங்கள் அதிகம் எழுதுகிறீர்கள் என்று ஒரு வரி, மாற்றுவதற்கு எளிய வழிகள் சில. அவ்வளவுதான். ஆறு மாதத்தில் அந்தக் கிளினிக்குகளில் 3.3 சதவீதம் குறைந்தது, 73,000க்கும் மேற்பட்ட ஆன்டிபயாடிக் சீட்டுகள் எழுதப்படாமல் போயின. அதே ஆய்வில் நோயாளிகளுக்காகப் போஸ்டரும் துண்டறிக்கையும் அனுப்பிப் பார்த்தார்கள், அதற்குப் பலன் தெரியவில்லை. உங்கள் சுவரில் இருக்கும் போஸ்டருக்கு நேர்ந்ததும் அதுதான்.

போஸ்டரில் வேறு வகையும் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் சில கிளினிக்குகளில், டாக்டரின் சொந்தப் படத்தையும் கையெழுத்தையும் போட்டு, "தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் எழுத மாட்டேன்" என்று அவரே உறுதி சொல்லும் தாளைப் பரிசோதனை அறைச் சுவரில் மாட்டினார்கள். சளி, தொண்டைக் கரகரப்புக்குத் தேவையில்லாமல் எழுதுவது, தாள் இல்லாத டாக்டர்களோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 20 சதவீதப் புள்ளி குறைந்தது. 2014இல் வந்த ஆய்வு. நோயாளி முன்னால் தன் பெயரில் சொன்ன வார்த்தை என்பதால் அதற்கு அந்தக் கனம். உங்கள் ஊர்க் கைராசி டாக்டர் தன் படத்தோடு, "தண்ணீர் பேதிக்கு என் முதல் மருந்து ஓ.ஆர்.எஸ்." என்று கையெழுத்துப் போட்டால், அந்தச் சுற்றுவட்டாரத்தில் அதற்கு மேல் எந்தச் சுற்றறிக்கையும் நிற்காது. அவரிடமே கேளுங்கள். எதிரியாக நிறுத்தாமல் முதல் ஆளாக நிறுத்துங்கள்.

கடைசியாக ஒன்று. எப்போது ஆன்டிபயாடிக் எழுத வேண்டும், எப்போது பாட்டில் ஏற்ற வேண்டும் என்பதையும் அதே தாளில் தெளிவாகப் போடுங்கள். கடுமையான நீரிழப்பு, குடிக்கவே முடியாத குழந்தை என்றால் ரிங்கர் லாக்டேட் பாட்டில் உடனே ஏற வேண்டும், அதில் தயக்கம் கூடாது. "எழுதாதே" என்று மட்டும் இருக்கிற தாளை எந்த டாக்டரும் நம்ப மாட்டார். ராத்திரி பயம் என்று முன்னவர் சொன்னாரே, அந்தப் பயத்துக்குப் பதில் இந்த வரிகளில்தான் இருக்கிறது.

நைட் சிஸ்டர்:

மேடம், குழந்தைகள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். நீங்க எல்லோரும் டாக்டர் பேனாவையே பார்க்கிறீர்கள். நான் ஜக்கைப் பற்றிச் சொல்கிறேன்.

பல இடத்தில் ஓ.ஆர்.எஸ். கார்னர் என்று ஒரு மேஜை இருக்கும். ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் பூந்துணி விரிப்பார்கள். மற்ற நாளில் அதன் மேல் பதிவேடு அடுக்கியிருக்கும். பாக்கெட் ஃபார்மசியில். அம்மா சீட்டு வாங்கி, பெரிய வரிசையில் நின்று, கடைசியில் மாத்திரையோடு பாக்கெட்டும் சேர்த்து கவரில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். அந்தக் குழந்தை மருத்துவமனையில் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமலேயே போய்விடுகிறது. அது குடிக்குமா, வாந்தி எடுக்குமா என்று டாக்டருக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. தெரியாதபோது பாட்டில் எழுதுவதுதானே பாதுகாப்பு?

எங்கள் இடத்தில் மேஜையை டாக்டர் அறை வாசலுக்கு மாற்றினோம், பார்த்துவிட்டு வெளியே வந்தால் கண்ணில் பட்டே ஆக வேண்டிய இடம். ஒரு லிட்டர் கோடு போட்ட ஜக், மூடி போட்ட குடிநீர் கேன், பாலாடை, ஸ்பூன், கைகழுவத் தண்ணீர், பாக்கெட். இதற்காக ஆர்டர் எதுவும் வாங்கவில்லை, தலைமைச் செவிலியர் சரி என்றார், அவ்வளவுதான். டாக்டர் சீட்டு எழுதும் முன்னாடியே டிரையாஜில் (வந்ததும் யாருக்கு அவசரம் என்று பார்க்கிற இடத்தில்) தண்ணீர் பேதி என்று தெரிந்தால் நாங்கள் கரைத்துவிடுவோம்.

கரைக்கிறதை அம்மா கையாலேயே செய்ய வைக்க வேண்டும். பாக்கெட்டில் பாதியைப் போட்டு டம்ளரில் கரைக்கிறவர்கள் நிறையப் பேர், "மீதியை ராத்திரிக்கு வச்சுக்கலாம்" என்பார்கள். முழுப் பாக்கெட், முழு ஒரு லிட்டர், 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும். கரைத்ததும் அவரையே ஒரு வாய் குடிக்கச் சொல்வேன். கண்ணீர் உப்பைவிட உப்பாக இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று நாக்கே சொல்லிவிடும்.

அப்புறம் கொடுக்கிற விதம். டம்ளரை வாயில் வைத்தால் தாகத்தில் குழந்தை மடமடவென்று குடித்து அப்படியே வாந்தி எடுக்கும். "பாத்தீங்களா சிஸ்டர், தங்க மாட்டேங்குது" என்பார்கள். அங்கேதான் பாட்டில் கேட்பது ஆரம்பிக்கும். ஒன்றிரண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, இன்னும் மெதுவாக. பாட்டி கையில் பாலாடையைக் கொடுத்துப் பாருங்கள், அவருக்குச் சொல்லித்தரவே வேண்டாம், மடியில் சாய்த்துப் போட்டு அவரே பக்குவமாக ஊற்றுவார். கொஞ்ச நேரத்தில் குழந்தை ஒண்ணுக்குப் போகும், கண் திறந்து சுற்றிப் பார்க்கும். அதைப் பார்த்த பிறகு அந்தக் குடும்பம் ஊசி கேட்டு நான் பார்த்ததில்லை. டாக்டரும் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, எழுத இருந்த பாட்டிலை விட்டுவிடுகிறார்.

ராத்திரியில் இரண்டு பேர்தான் டூட்டி. பாட்டில் ஏற்றினால் ஒரு தடவை குத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம், ஸ்பூனில் கொடுக்க யாராவது உட்கார வேண்டும். அதனால்தான் பாட்டியையும் அம்மாவையும் முதலிலேயே பழக்குகிறோம். 1971 யுத்தத்தில் பங்களாதேஷ் அகதிகள் வந்து குவிந்த மேற்கு வங்காளத்துப் பன்காவ் முகாமில் டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் இதைத்தான் செய்தார். ஏற்ற பாட்டில் தீர்ந்துபோயிற்று, நர்ஸும் போதாது. உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்துக் குடும்பத்தார் கையில் கொடுத்தார். காலராவில் 100க்கு 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் 4 பேருக்கும் கீழே வந்தது. நர்ஸிங் மாணவிகளுக்கு வகுப்பு எடுக்கும்போதெல்லாம் இதைச் சொல்லுவேன்.

தயவு செய்து அடுத்த தடவை பயிற்சி வைத்தால் எங்களையும் டாக்டர்களோடு ஒரே அறையில் உட்காரவையுங்கள். தனித்தனியாக வைத்தால் டாக்டர் ஒன்று சொல்ல, நாங்கள் ஒன்று சொல்ல, அம்மா நடுவில் முழிப்பார்.

மருந்துக் கவுன்டர்:

ஃபார்மசிஸ்ட். இரண்டே விஷயம்.

ஜிங்க் 14 நாள் என்று எழுதினாலும், பேதி மூன்றாம் நாள் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். "நிறுத்துவதற்காக இல்லைம்மா, அடுத்த ரெண்டு மூணு மாசத்துக்குத் திரும்ப வராம இருக்கத்தான்" என்று கவுன்டரில் ஒரு வரி சொன்னால் கேட்கிறார்கள். ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், அதற்குள் என்றால் 10, அதாவது அரை மாத்திரை. ஸ்பூனில் தாய்ப்பாலோ தண்ணீரோ விட்டால் கரைந்துவிடும். இதைக் காட்டாமல் கொடுத்தால் அரைத்து, பொடித்துத் துப்பவைத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, வெளிக்கடையில் அட்டை டப்பாவில் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு விற்ற இனிப்புப் பானங்கள். சர்க்கரை அதிகம், பேதியைக் கூட்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் அப்படிப் பெயர் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. ஆனாலும் டப்பாவுக்குப் பழகிய அம்மாக்கள் அதையே தேடுகிறார்கள். சீட்டில் "டபிள்யு.எச்.ஓ. பொடிப் பாக்கெட், ஒரு லிட்டர்" என்று டாக்டர்கள் முழுசாக எழுதினால் எங்களுக்கு விளக்க லேசாக இருக்கும்.

டெல்டா டூட்டி டாக்டர்:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் சொன்னபடி ஓ.பி.யில் உட்கார்ந்தேன். வெளியே வந்த அம்மாக்களிடமும் கேட்டேன்.

"எதை எதிர்பார்த்து வந்தீங்க?" என்றால் ஊசி, சிரப் என்று சொன்னவர்கள் இருந்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட அதிகமாகக் காதில் விழுந்தது வேறு. "பயமா இருந்துச்சு, ஒண்ணுமில்லைன்னு டாக்டர் வாயால சொல்லணும்." "ஏன் போகுதுன்னு தெரியணும்." ஒருவர், "போன தடவை அங்கன்வாடியில குடுத்த பொடிலயே சரியாயிடுச்சு, இங்க அதைக் கேட்டா டாக்டர் கோவிச்சுக்குவாரோன்னு கேக்கலை" என்றார். டாக்டர் அம்மாவை நினைத்துப் பயந்து சிரப் எழுதுகிறார், அம்மா டாக்டரை நினைத்துப் பயந்து பொடியைக் கேட்காமல் விடுகிறார். இதை ஒரு தாளில் எழுதி மூத்த டாக்டர் மேஜையில் வைத்தேன். இரண்டு தடவை படித்தார். "இது நம்ம ஓ.பி.தானா?" என்று கேட்டார்.

படம் போட்ட தாளுக்கு இன்னும் சம்மதிக்கவில்லை, யோசிக்கிறேன் என்றிருக்கிறார். ஆனால் ஓ.ஆர்.எஸ். மேஜையைத் தன் அறை வாசலுக்கு மாற்றச் சொன்னவர் அவர்தான். சிஸ்டர் சொன்ன மாதிரி பாலாடை வாங்கிப் போட்டிருக்கிறோம். சீட்டில் முதல் வரியாக ஓ.ஆர்.எஸ். அளவும் 14 ஜிங்கும் வருகிற மாதிரி ஒரு ரப்பர் முத்திரை செய்யக் கொடுத்திருக்கிறேன், சாயங்கால கிளினிக் டாக்டரின் சீட்டைப் பார்த்துத்தான் அந்த யோசனை. திரும்ப வர வேண்டிய மூன்று அறிகுறியும் அதில் இருக்கும்.

ஒரு சந்தேகம். சீட்டுக் கணக்கை மாதாமாதம் டாக்டர்களிடம் காட்டும்போது, பெயர் போட்டு எல்லோர் முன்னாலும் காட்டுவதா, தனித்தனியாகவா?

சமூக மருத்துவம் வாத்தியார்:

தனித்தனியாக, மூடிய உறையில். அவரவர் எண்ணும், உங்கள் மருத்துவமனையிலேயே மிகக் குறைவாகச் சிரப் எழுதுகிறவரின் எண்ணும் பக்கத்தில். அந்த நல்ல எண்ணுக்கு உரியவர் யார் என்று அவர் அனுமதித்தால் மட்டும் பெயர் சொல்லுங்கள். ரத்தம் போன கேஸ்களை எண்ணும் முன்பே கழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் மாதமே, "என் கேஸ் எல்லாம் சீதபேதி" என்று கணக்கே அடிபட்டுவிடும். மருத்துவக் கண்காணிப்பாளருக்குப் போகும் தாளில் மொத்த எண் மட்டும் போதும்.

நைட் சிஸ்டர்:

மேடம், முத்திரையில் எழுத்து பெரிசாக இருக்கட்டும். தமிழிலும் போடுங்கள், அம்மாக்கள் அதைத்தான் வீட்டில் வைத்துப் படிப்பார்கள். பாலாடையைத் தினமும் கொதிக்கவைக்க ஆள் போட்டாயிற்றா?